கியர் பல் உடைவது அடியில்: பந்தய உதிரிகளுக்கு மேற்பரப்பு வலுவூட்டல், படிப்படியாக

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஒரு சனிக்கிழமைப் பயிற்சி ஓட்டம். எங்கள் 150 சிசி வண்டியின் மூன்றாம் கியர் போய்விட்டது. கேஸைத் திறந்ததும் எண்ணெயோடு சேர்ந்து இரண்டு பற்கள் தட்டில் விழுந்தன. "இரும்பு மட்டம்ங்கண்ணா, வேற கியர்தான் வாங்கிப் போடணும்" என்றேன். எங்கள் பட்டறை மூத்தவர் ஒரு பல்லைத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இரும்பைத் திட்டாதீங்க தம்பி. உடைஞ்ச இடத்தைப் பாருங்க. எங்க ஆரம்பிச்சதுன்னு அதுவே சொல்லும்."

அன்றைக்குத் தொடங்கிய படிப்பு இது. பந்தய வண்டி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், ஷாட் பீனிங், நைட்ரைடிங், சூப்பர்ஃபினிஷிங், டிஎல்சி என்று பெயர்களைக் கேட்டு மலைத்துப் போகிறார்கள். "எது நல்லது?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. "என் உதிரி எப்படிப் போகிறது?" என்று அந்தக் கேள்வியை மாற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அடியில் உடைகிற பல்லுக்கு ஒரு மருந்து, முகத்தில் குழி விழுகிற பல்லுக்கு வேறு மருந்து. மாற்றிக் கொடுத்தால் காசும் போகும், கியரும் போகும்.

தொடங்கும் முன் உங்கள் பந்தய வகுப்பின் விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள். ஒரே மாதிரி வண்டிகள் ஓடும் வகுப்புகளில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சீல் வைத்திருப்பார்கள். அங்கே இந்த வேலை எதுவும் செல்லாது.

படி 1: உடைந்த துண்டைப் படியுங்கள்

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உடைந்த முகத்தில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் தெரியும். ஒன்று வழவழப்பாக, ஆற்று மணலில் தண்ணீர் வற்ற வற்ற விட்டுப்போன கோடுகள் போல வரிவரியாக இருக்கும். மற்றது சொரசொரப்பாக, சர்க்கரைக் கட்டியை உடைத்தது போல இருக்கும். வரிகள் உள்ள பகுதியில் விரிசல் நாள்பட மெல்ல வளர்ந்திருக்கிறது. சொரசொரப்பான பகுதி கடைசி நொடியில் ஒரேயடியாக முறிந்தது. வரிகள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றனவோ அதுதான் விரிசல் பிறந்த இடம். கியர் பல்லில் அது பெரும்பாலும் பல்லின் அடி வளைவில், சுமை வாங்கும் பக்கத்தில், மேற்பரப்பிலேயே இருக்கும். இதற்குப் பெயர் களைப்பு முறிவு. ஒரு முறை தாங்கக்கூடிய சுமையே லட்சக்கணக்கான முறை வந்து போகும்போது உலோகம் களைத்து விரிகிறது.

வரிகளே இல்லாமல் முழுக்கச் சொரசொரப்பாக இருந்தால் அது பெரும்பாலும் களைப்பு இல்லை. கிளட்சைத் திடீரென விட்டது, கியர் பாதி மாட்டிய நிலையில் முறுக்கியது போன்ற ஒரே அடியில் போயிருக்கும். அதற்கு மேற்பரப்பு வேலை எதுவும் உதவாது.

பல் உடையாமல், முகத்தில் சிறு சிறு பள்ளங்கள் விழுந்திருந்தால் அது உருளும் அழுத்தத்தால் வந்த களைப்பு. முகம் மங்கி, கண்ணாடியில் மூச்சு விட்டது போலச் சாம்பல் பூத்திருந்தால் அதன் ஆரம்பக் கட்டம். பல்லின் உயரவாக்கில் கீறல்களும் இழுபட்ட தடங்களும் இருந்தால் எண்ணெய்ப் படலம் கிழிந்து உலோகத்தோடு உலோகம் ஒட்டிப் பிய்ந்திருக்கிறது என்று பொருள்.

படி 2: ஏற்கெனவே என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேற்பரப்பு வேலை, நல்ல இரும்புக்கும் நல்ல ஹீட் ட்ரீட்மென்டுக்கும் (சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்குவதற்கும்) மேலே வைக்கும் கூரை. சுவரே சரியில்லை என்றால் கூரை எதற்கு? பந்தய கியர்களுக்கு ஈஎன் 36, எஸ்ஏஇ 9310, 20 எம்என்சிஆர்5 போன்ற கேஸ் ஹார்டனிங் (வெளித்தோலை மட்டும் கடினமாக்கும்) இரும்புகள் பழக்கத்தில் உள்ளன. இவற்றில் கார்பன் குறைவு. சுமார் 900 முதல் 950 டிகிரி செல்சியஸில் மேற்பரப்புக்குள் கார்பனை ஏற்றி, எண்ணெயில் குளிர்வித்து, 150 முதல் 200 டிகிரிக்குள் டெம்பர் செய்வார்கள், அதாவது மறுபடி மிதமாகச் சூடாக்கி முறியும் தன்மையைக் குறைப்பார்கள். வெளித்தோல் 58 முதல் 62 எச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு) வரை கடினமாகும், உள்ளே இரும்பு வளைந்து கொடுக்கும். கடினத் தோல் குளிரும்போது உப்பப் பார்க்கும், உள் இரும்பு அதை விடாது. அதனால் தோல் நெருக்கப்பட்ட நிலையிலேயே உறைந்துவிடும். இந்த நெருக்கம் நமக்கு நண்பன். ஏன் என்பதை, சிறு குண்டுகளை வீசி மேற்பரப்பை அடிக்கும் பீனிங்கில் (படி 4) சொல்கிறேன்.

ஹீட் ட்ரீட்மென்ட் கடைக்கு வேலை கொடுக்கும்போது, "கெட்டியா பண்ணிக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த இரும்பு, தோல் எத்தனை மில்லிமீட்டர் ஆழம், மேற்பரப்புக் கடினம் எவ்வளவு, உள் கடினம் எவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுங்கள். டெம்பர் செய்த சூட்டை எழுதி வாங்குங்கள். அந்த எண் பின்னால் இரண்டு இடத்தில் தேவைப்படும்.

கிரைண்டிங்கில் ஒரு முக்கியமான விஷயம். ஹீட் ட்ரீட்மென்டுக்குப் பிறகு பல் முகத்தைக் கிரைண்ட் செய்வது சரி. பல்லின் அடி வளைவைக் கிரைண்ட் செய்யாதீர்கள். நெருக்கம் அதிகமாக இருக்கும் தோல் அங்கேதான் வேண்டும், அதையே சீவி எடுத்துவிடுவோம். போதாக்குறைக்கு முகமும் அடியும் சேரும் இடத்தில் ஒரு படிக்கட்டு உண்டாகி, விரிசலுக்குப் பிறப்பிடமாகிவிடும். பல் வெட்டும்போதே அடியில் சற்று உள்வாங்கி வெட்டும் ஹாப் (பல் வெட்டும் கருவி) இருக்கிறதா என்று கியர் வெட்டுகிறவரிடம் கேளுங்கள். அதில் வெட்டினால் கிரைண்டிங் கல் அடியைத் தொடவே தொடாது.

படி 3: விரிசல் சோதனை, பீனிங்குக்கு முன்பு

இந்த வரிசையை மாற்றக் கூடாது. பீனிங் செய்த மேற்பரப்பில் பழைய விரிசலின் வாய் நசுங்கி மூடிக்கொள்ளும். பிறகு எந்தச் சோதனையிலும் அது சரியாகத் தெரியாது, உள்ளே மட்டும் இருக்கும். எனவே இரும்பு உதிரிகளுக்குக் காந்தத் துகள் சோதனையையும், அலுமினியத்துக்குச் சாயம் ஊடுருவும் சோதனையையும் முதலில் முடியுங்கள். காந்தச் சோதனைக்குப் பிறகு காந்தத்தை நீக்கச் சொல்லுங்கள். மறந்தால் கியர்பாக்ஸில் இருக்கும் இரும்புத் தூளையெல்லாம் அந்தக் கியர் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

கிரைண்டிங் செய்த கியர் என்றால் சூட்டுக் காயம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் தோய்த்தெடுத்தால் சூடுபட்ட இடங்கள் நிறம் மாறித் தெரியும். இதைப் பழகியவர்களிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

விரிசல் தெரிந்த உதிரியைத் தூக்கிப் போடுங்கள். பீனிங் விரிசலை ஆற்றாது.

படி 4: ஷாட் பீனிங்

தேர்த் திருவிழாவில் தோளோடு தோள் நெருக்கி நிற்கிற கூட்டத்துக்கு நடுவே ஒரு ஆள் நுழைய இடம் உண்டாக்கிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம்! அதே ஆட்கள் தள்ளித் தள்ளி நின்றால் சுலபம். விரிசல் வளர வேண்டுமென்றால் மேற்பரப்பு இழுபட்டுப் பிளக்க வேண்டும். மேற்பரப்பு ஏற்கெனவே நெருக்கப்பட்டிருந்தால், சுமை வரும்போது முதலில் அந்த நெருக்கம் தளர வேண்டும், அதற்குப் பிறகுதான் இழுவை தொடங்கும். ஷாட் பீனிங் செய்வது இதுதான். உருண்டையான சிறு குண்டுகளை வேகமாக வீசுகிறோம். ஒவ்வொரு குண்டும் ஒரு சின்னக் குழியை உண்டாக்கித் தோலை விரிக்கப் பார்க்கிறது. அடியில் உள்ள உலோகம் அதைத் திரும்ப நெருக்குகிறது. குழிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மேற்பரப்பு முழுவதும் நிறைந்தால், மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று இரண்டு பங்கு ஆழத்துக்கு நெருக்கமான ஒரு தோல் கிடைக்கிறது.

மணல் வீச்சும் இதுவும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய. நானும் அப்படி நினைத்துத்தான் என் முதல் கியர் செட்டைத் துரு நீக்கும் ஒரு கடையில் கொடுத்தேன். சாம்பல் நிறத்தில் அழகாகத் திரும்பி வந்தது. பல் அடியெல்லாம் கூர்மணல் கீறல். விரிசலுக்கு நானே விதை போட்டுக் கொடுத்திருந்தேன், கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. மணலின் கூர்முனை சுரண்டும், உருண்டைக் குண்டு அமுக்கும். இரண்டும் நேர் எதிர் வேலைகள். மணல் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டறையில் அதைத் திறந்த வெளியில் யாரும் செய்ய விடாதீர்கள்.

பீனிங் கடையில் கேட்க வேண்டியவை சில உண்டு.

குண்டின் அளவை முதலில் கேளுங்கள். கியரில் மிகச் சிறிய வளைவின் ஆரம் எவ்வளவோ, அதில் பாதிக்கு மேல் குண்டின் விட்டம் இருக்கக் கூடாது. பைக் கியரின் பல் அடி வளைவு சிறியது, ஆரம் 0.8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 0.4 மி.மீ. குண்டு வரைதான் இறங்கும். எஸ் 230 என்ற பொதுவான குண்டு ஏறக்குறைய 0.6 மி.மீ., அது அந்த வளைவின் அடியைத் தொடவே தொடாது. நமக்கு வலு வேண்டிய ஒரே இடம் வெறுமனே விடப்படும்.

அடுத்தது குண்டின் கடினம். சாதாரண வார்ப்பு எஃகுக் குண்டு 60 எச்ஆர்சி உள்ள கியரின் மேல் விழுந்தால் குண்டுதான் நசுங்கும். கேஸ் ஹார்டனிங் செய்த கியருக்குக் கியர் அளவு கடினமான குண்டு வேண்டும். கம்பியை வெட்டி, முனை மழுக்கி, உருண்டையாக்கிய குண்டுகள் சீக்கிரம் உடையாது என்பதால் அவற்றை விரும்புகிறார்கள். உடைந்த குண்டுகளைச் சல்லடை போட்டுப் பிரிக்கிறார்களா என்று நேரில் பாருங்கள். உடைந்த குண்டும் கூர்மணலும் ஒன்றுதான்.

அப்புறம் ஆல்மென் அளவு. ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த ஜே. ஓ. ஆல்மென் என்ற பொறியாளர் தந்த எளிய அளவுகோல் இது. 76 மி.மீ. நீளமும் 19 மி.மீ. அகலமும் உள்ள ஒரு ஸ்பிரிங் பட்டையை நான்கு திருகால் கட்டையில் இறுக்கி, ஒரு பக்கம் மட்டும் குண்டடிக்கிறார்கள். திருகைக் கழற்றியதும் பட்டை வில்லாக வளையும். அந்த வளைவின் உயரத்தை டயல் கேஜில் அளக்கிறார்கள். பட்டையின் தடிமனைப் பொறுத்து என், ஏ, சி என்று மூன்று வகை உண்டு, கியர்களுக்குப் பெரும்பாலும் ஏ பட்டை. அடிக்கும் நேரத்தை இரண்டு மடங்காக்கினாலும் வளைவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடவில்லை என்றால், அந்த நேரத்தில் வந்த வளைவுதான் அந்த அமைப்பின் வீரியம். கியர் வேலையில் 0.2 முதல் 0.4 மி.மீ. ஏ வரை வழக்கம். மெல்லிய பல்லுக்கு இந்த வரம்பின் குறைந்த அளவே பாதுகாப்பு. அளவு கூடக் கூட நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். மிஞ்சினால் பல் நுனி உருண்டு பிதுங்கும், மேற்பரப்பிலேயே நுண்விரிசல் விழும்.

பட்டையைக் காட்டச் சொல்லுங்கள். "பட்டையா? அதெல்லாம் எதுக்குங்க, கண்ணு பார்த்தா தெரியாதா" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு கடை பாருங்கள். கண்ணால் பார்த்துத் தெரிவது குழிகள் எவ்வளவு இடத்தை நிறைத்திருக்கின்றன என்பது மட்டும்தான். அதையும் கைலென்ஸ் வைத்துப் பல் அடியில் பார்க்க வேண்டும், முகத்தில் பார்த்துப் பயனில்லை.

பேரிங் உட்காரும் இடம், உள் துளை, மரை, ஸ்ப்லைன் (ஷாஃப்டோடு கோக்கும் வரிப்பற்கள்) எல்லாவற்றையும் ரப்பர் அடைப்பானாலோ டேப்பாலோ மூடிக் கொடுங்கள். எதை மூட வேண்டும் என்று மார்க்கரில் குறித்து ஒரு படமும் எடுத்துக் கொடுத்தால் தகராறு வராது.

பீனிங் முடிந்த இரும்பை ஏறக்குறைய 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் நெருக்கம் தளரத் தொடங்கும். அலுமினியத்துக்கு எல்லை இன்னும் கீழே, 90 டிகிரி பக்கம். எனவே சூடு தேவைப்படும் எல்லா வேலையும் பீனிங்குக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

படி 5: பல் முகத்தை வழவழப்பாக்குதல்

பீனிங் அடிக்கு நல்லது, முகத்துக்கு ஒரு குறை வைக்கும், சொரசொரப்பு கூடிவிடும். இரண்டு பல் முகங்களுக்கு நடுவே ஓடும் எண்ணெய்ப் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருக்கலாம். மேடுகள் அதைவிட உயரமாக இருந்தால் படலத்தைக் கிழித்துக்கொண்டு மோதும், சூடாகும், சாம்பல் பூக்கும்.

இதற்கு இரசாயன சூப்பர்ஃபினிஷிங் என்ற முறை இருக்கிறது. அதிரும் தொட்டியில் கியரையும் சுரண்டாத பீங்கான் துண்டுகளையும் போட்டு, இலேசான அமிலக் கரைசல் விடுவார்கள். கரைசல் இரும்பின் மேல் மென்மையான ஒரு படலம் உண்டாக்கும். பீங்கான் துண்டுகள் மேடுகளில் மட்டும் அந்தப் படலத்தைத் துடைத்தெடுக்கும், பள்ளத்தில் அது அப்படியே இருந்து காக்கும். துடைத்த மேட்டில் மறுபடி படலம், மறுபடி துடைப்பு. மேடுகள் மட்டும் கரைந்துகொண்டே வந்து, கடைசியில் சோப்புக் கரைசலில் அதிரவிட்டால் கண்ணாடி போல் பளபளக்கும். கிரைண்டிங் முடிந்த முகம் 0.3, 0.4 மைக்ரான் ஆர்ஏ (சராசரிச் சொரசொரப்பு) என்றால், இதற்குப் பிறகு 0.1க்குக் கீழே வரும். அமெரிக்காவின் நாஸ்கார் வண்டிகளில் பின் அச்சுக் கியர்களுக்கு இதைச் செய்வது பழக்கம். உராய்வு குறைந்து எண்ணெய்ச் சூடு இறங்குகிறது.

கிரைண்டர் கோடுகள் ஒரே திசையில் ஓடும். இந்த முறையில் அந்தத் திசையே மறைந்துவிடும், அதுதான் இதன் அழகு. பஃபிங் சக்கரத்தில் கையால் பளபளப்பாக்கினால் இது கிடைக்காது. பல்லின் வடிவம்தான் கெடும். சில மைக்ரான் உலோகம் போகும் என்பதால் எவ்வளவு எடுப்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். பீனிங்கில் கிடைத்த தோலின் ஆழத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் நிறுத்துவது நல்லது.

இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. கிடைக்கவில்லை என்றால் மாங்கனீஸ் பாஸ்பேட் பூச்சு எளிதாகக் கிடைக்கும். கறுப்பாக, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பூச்சு. முதல் சில ஓட்டங்களில் பற்கள் ஒன்றோடொன்று பழகும்வரை முகத்தைக் காப்பாற்றும். வலு கூட்டாது, ஆனால் அதன் விலைக்கு நல்ல வேலை செய்கிறது.

படி 6: இன்ஜின் உதிரிகள்

கனெக்டிங் ராடில் எல்லோரும் செய்யும் தவறு, புது ராடை வாங்கி முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பாலிஷ் போடுவது. பல ராடுகள் தொழிற்சாலையிலேயே குண்டடித்து வந்தவை, மேலே மங்கலாகச் சிறு குழிகள் தெரியும். பாலிஷ் போட்டால் அந்த நெருக்கமான தோல் போய்விடும். ஃபோர்ஜிங் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் அதை நீளவாக்கில் மட்டும் தேய்த்து எடுங்கள். குறுக்கே ஒரு கீறல்கூட விழக் கூடாது. ராடு இழுபடுவது நீளவாக்கில், குறுக்குக் கீறல்தான் பிளக்கும். அப்புறம் விரிசல் சோதனை, துளைகளை மூடிப் பீனிங், கடைசியில் பெரிய முனைத் துளையின் அளவைச் சரிபார்த்தல். பீனிங் துளையை வட்டம் மாற்றியிருக்கலாம்.

கிராங்க் ஷாஃப்டுக்கு நைட்ரைடிங் பொருத்தம். ஈஎன் 19, ஈஎன் 40பி போன்ற இரும்புகளில் 500 டிகிரிக்குச் சற்று மேலே, பல மணி நேரம் நைட்ரஜனை ஏற்றுவார்கள். எண்ணெயில் குளிர்விப்பது இல்லை என்பதால் கோணல் மிகக் குறைவு. ஆனாலும் சில மைக்ரான் வளரும், ஜர்னல் (பேரிங்கில் சுழலும் பகுதி) அளவில் அதற்கு இடம் விடுங்கள். பிறகு ஜர்னலைக் கிரைண்ட் செய்து அளவு குறைத்தால் தோலும் குறையும், மறுபடி நைட்ரைடிங் செய்ய வேண்டும்.

பிஸ்டன் பின், டேப்பட், ஃபிங்கர் ஃபாலோயர் போன்ற சறுக்கும் உதிரிகளுக்கு டிஎல்சி பூச்சு. வைரம் போன்ற கார்பன் படலம், ஓரிரண்டு மைக்ரான்தான், ஆனால் உராய்வு மிகக் குறைவு. பூச்சு அறையின் சூட்டைக் கேளுங்கள். உதிரியின் டெம்பர் சூட்டைவிட அது அதிகமென்றால், பூச்சு பளபளக்கும், உள்ளே இரும்பு மிருதுவாகிவிடும். எழுதி வாங்கி வைத்த எண் இங்கே உதவும். அடி மேற்பரப்பு வழவழப்பாக இல்லாவிட்டால் பூச்சு நிற்காது. பல் அடி முறிவுக்கு டிஎல்சி மருந்தும் இல்லை.

குரோம் போன்ற மின்முலாம் கடினமான இரும்புக்குள் ஹைட்ரஜனை ஏற்றி, சொல்லாமல் கொள்ளாமல் உடைய வைக்கும். சுமை தாங்கும் பந்தய உதிரிக்கு நான் அதைப் போடுவதில்லை.

பிஸ்டனையும் அலுமினியக் கேஸையும் இரும்புக் குண்டால் அடிக்காதீர்கள். இரும்புத் துகள் பதிந்து அரிக்கும். கண்ணாடி மணியோ பீங்கான் மணியோ பயன்படுத்தலாம். ஆனால் ரிங் பள்ளத்திலும் எண்ணெய்த் துளையிலும் ஒரு மணி தங்கினால்கூட சிலிண்டர் சுவர் கீறிப் போகும்.

படி 7: கழுவி, அளந்து, பழக்குங்கள்

எல்லாம் முடிந்து வந்த உதிரியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துளை துளையாகத் தூரிகை விட்டு, சோப்பு நீரில் கழுவி, காற்றடித்து, உடனே எண்ணெய் தடவுங்கள். வெள்ளைத் துணியில் சாம்பல் கறை வராத வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு அளவுகள்: துளை, ஜர்னல், கியரில் பல் இடைவெளி. வேலைக்கு அனுப்பும் முன் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். முன்பு எடுக்கவில்லை என்றால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

முதல் ஓட்டம் பாதி முறுக்கில், ஒவ்வொரு கியரிலும் சில சுற்றுகள். இறங்கியதும் எண்ணெயை வடியுங்கள். காந்த வடிகால் போல்டில் மை போல மெல்லிய சாம்பல் பசை இருந்தால் பயமில்லை. விரலில் குத்தும் செதில் இருந்தால் அன்றே கேஸைத் திறந்துவிடுங்கள்.

எங்கள் பட்டறையில் ஒவ்வொரு கியருக்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. இரும்பு, டெம்பர் சூடு, குண்டின் அளவு, ஆல்மென் எண், எத்தனை மணி நேரம் ஓடியது, கழற்றியபோது பல் அடி எப்படி இருந்தது, எல்லாம் அதில் இருக்கும். மூன்றாம் கியரின் பக்கத்தில், சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்தச் சனிக்கிழமை தட்டில் விழுந்த பல் ஒட்டப்பட்டிருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற பையன்களிடம் கைலென்ஸோடு முதலில் அதைத்தான் கொடுக்கிறோம்.